பாத்திமியோன்: கூலிப்படை என்று சொல்லலாமா?

மதில்மேல்: சிரியா உள்நாட்டுப் போரில், அப்போது அதிபராக இருந்த ஆசாத்துக்காகச் சண்டையிட்ட ஆப்கானியர்களைப் பற்றி நேற்று இன்னொரு திரியில் ஒருவர் போகிற போக்கில் 'ஈரானின் கூலிப்படை' என்று எழுதியிருந்தார். ஈரான் திரட்டிய பாத்திமியோன் படையைத்தான் சொல்கிறார். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. அதில் பெரும்பாலோர் ஈரானில் அகதிகளாகக் கிடந்த ஹசாராக்கள், ஆப்கானிஸ்தானின் ஷியா சிறுபான்மையினர். கட்டட வேலை, செங்கல் சூளை என்று பிழைத்தவர்கள். பதிவு பெற்ற அகதி என்றால் அட்டையை அவ்வப்போது பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், நினைத்த ஊருக்குப் போய்க் குடியேற முடியாது. அந்த அட்டைகூட இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவனிடம் சிரியாவுக்குப் போனால் குடியிருப்பு அனுமதி, மாட்டேன் என்றால் ஆப்கானிஸ்தானுக்கு வண்டி ஏற்றிவிடுவோம் என்றால், அவன் வாங்கியதைக் கூலி என்பீர்களா?

கரிசல்: என்பேன். மாதம் சுமார் 500 டாலர் என்று அப்போதே செய்திகளில் வந்ததே. ஆள் எடுத்தது, பயிற்சி, ஆயுதம், சம்பளம் எல்லாம் ஈரானின் புரட்சிக் காவல்படை. அந்நிய நாட்டுப் பணத்தில், தனக்குச் சம்பந்தமில்லாத ஊரில், அந்த ஊர்க்காரனைச் சுட்டவனுக்கு வேறென்ன பெயர்? வறுமை எல்லாருக்கும்தான் இருக்கிறது.

பாலைநிலா: இரண்டு பேருமே நம்பிக்கை என்ற ஒன்றை மறந்துவிட்டீர்கள். டமாஸ்கஸின் தெற்குப் புறநகரில் செய்யிதா ஜைனபின் அடக்கத்தலம் இருக்கிறது. நபியின் பேத்தி, கர்பலா போரில் அண்ணன் ஹுசைனைப் பறிகொடுத்தவர், ஷியாக்களுக்குப் புனிதமானவர். அந்த இடத்தை ஷியாக்களை எதிரிகளாகப் பார்க்கும் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) போன்ற தீவிரவாதிகள் தரைமட்டமாக்குவார்கள் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. ஹசாராக்களுக்கோ அந்தப் பயம் சொந்த அனுபவம். 1998இல் வடக்கு ஆப்கானிஸ்தானின் மசார் இ ஷரீப் நகரில் தாலிபான் அவர்களைத் தேடித்தேடிக் கொன்றது. 2016 ஜூலையில் காபூலில் அவர்கள் நடத்திய ஊர்வலத்தில் ஐ.எஸ். குண்டு வைத்து 80 பேருக்கு மேல் பலி. சிரியாவில் ஐ.எஸ்ஸைத் தடுக்கப் போனேன் என்று ஒருவன் சொன்னால் நான் நம்புவேன்.

கரிசல்: சிரியாவின் பல்மைராவில் இவர்கள் போட்ட சண்டை வரைக்கும் சரி, அங்கே எதிரே இருந்தது ஐ.எஸ். ஆனால் இவர்களுடைய தளபதி அபூ ஹாமித் 2015 பிப்ரவரியில் செத்தது எங்கே? தெற்கு சிரியாவின் டெரா மாகாணத்தில். எதிரே இருந்தவர்கள் கிளர்ச்சிப் படைகள். அப்புறம் வடக்கே அலெப்போ நகரம். டமாஸ்கஸிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். 2016இல் முற்றுகையில் கிடந்த கிழக்கு அலெப்போ ஐ.எஸ். கையில் இல்லை. அங்கே எந்த அடக்கத்தலத்தைக் காத்தார்கள்? ஆசாத்தின் நாற்காலியைத்தானே!

பாலைநிலா: அலெப்போவுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் எங்கே அனுப்புவது என்று முடிவெடுத்தவன் அந்தச் சிப்பாய் இல்லை.

மதில்மேல்: அதைத்தான் நானும் சொல்கிறேன். 2017இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஈரான் இடுகாடுகளில் இருந்த கல்லறைக் கற்களின் படங்களையும் ஈரானியச் செய்திகளையும் வைத்து, சிரியாவில் செத்த எட்டு ஆப்கான் சிறுவர்களை அடையாளம் கண்டது. 14 வயதுப் பையன்கூட அந்தப் படையில் இருந்திருக்கிறான். கல்லில் பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு இரண்டும் செதுக்கியிருக்கிறது, கழித்துப் பார்த்தால் போதும். பத்தாவது படிக்க வேண்டிய பையனையும் கூலிப்படைக் கணக்கில் சேர்ப்பீர்களா? இன்னொன்று, வெளிநாட்டு 'தியாகிகளின்' குடும்பத்துக்குக் குடியுரிமை கொடுக்க 2016 மே மாதம் ஈரான் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மகன் பிணமானால் அம்மாவுக்குக் குடியுரிமை!

கரிசல்: பையன்கள் விஷயத்தில் வாதமே இல்லை, ஆள் எடுத்தவனைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும். ஆனால் எல்லாரும் பையன்கள் இல்லையே. சண்டை போட்டே பழகிய, விரும்பியே போன ஆட்களும் இருந்தார்கள், அபூ ஹாமித் அந்த ரகம். எல்லாரையும் ஒரேயடியாகப் பாவப்பட்டவர்கள் ஆக்கிவிட்டால், அலெப்போவில் வீட்டை இழந்தவன் யாரைக் கேட்பான்?

சுண்டல்பொட்டலம்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2020 டிசம்பரில் ஈரான் வெளியுறவு அமைச்சர் சரீஃப் ஒரு ஆப்கான் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். ஐ.எஸ்ஸை எதிர்க்க அப்போதைய ஆப்கான் அரசு பாத்திமியோன் ஆட்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார், ஏதோ வாடகைக்கு விட்ட டிராக்டரை அடுத்த வயலுக்கு ஓட்டிப்போவது மாதிரி. 2024 டிசம்பர் 8இல் ஆசாத் ஓடினார், அவர்களுக்குச் சிரியாவில் இருந்த வேலையும் முடிந்தது. 2025இல் ஈரான் ஆப்கானியர்களை லட்சக்கணக்கில் எல்லைக்குத் துரத்தியது. இவ்வளவுக்கும் அப்புறம் நம்பிக்கை, சகோதரத்துவம் என்று டெஹ்ரான் பேசினால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது, பாலைநிலா கோபித்துக்கொள்ளக் கூடாது.

பாலைநிலா: கோபம் இல்லை. போனவனின் நம்பிக்கையைப் பற்றித்தான் பேசினேன். அனுப்பியவனுக்கு நான் வக்கீல் இல்லை.

கரிசல்: சரி, கூலிப்படை வேண்டாம் என்றே வைத்துக்கொள்வோம். வேறு சொல் கொடுங்கள். அதை அலெப்போக்காரன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும்.

மதில்மேல்: அவன் என்ன பெயர் வைத்தாலும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வேன், அவனுக்கு அந்த உரிமை உண்டு. நான் கேட்டது நேற்று எழுதியவரை. அவர் வீடு ஒன்றும் அலெப்போவில் இல்லையே.