புதுப்பிப்பு: துபாய் நண்பர்களிடம் விடைபெறும் முன்

துபாயை விட்டு ஊருக்கே திரும்புவோர் நண்பர்களிடம் விடைபெறுவது பற்றிய என் இழையின் தொடர்ச்சி இது. பலரும் கேட்டது போன் எண்ணைப் பற்றித்தான்: துபாய் எண் போனபின் நண்பர்களோடு தொடர்பு விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்வது?

துபாய் சிம்மை ரத்து செய்யும் முன்பே வாட்ஸ்அப்பில் எண்ணை மாற்றிவிடுங்கள்: அமைப்புகள், கணக்கு, எண்ணை மாற்று. ஓடிபி ஊர் சிம்முக்கு வரும் என்பதால் அதை ரோமிங்கோடு ரீசார்ஜ் செய்து வையுங்கள். குழுக்களுக்குத் தகவல் தானாகப் போகும். தனி நண்பர்களுக்குப் போக, 'தொடர்புகளுக்கு அறிவி' என்பதை நீங்கள்தான் இயக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் நண்பர்களிடம் பழைய எண்தான் இருக்கும்; அது பின்னாளில் வேறொருவர் கைக்குப் போகலாம். நண்பர் அனுப்பும் பொங்கல் வாழ்த்தும் அவருக்கே போய்ச் சேரும்.

அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. பேசுவதற்கு அங்கே பலரும் பயன்படுத்துவது போட்டிம் (BOTIM) என்ற அழைப்புச் செயலி. கிளம்பும் முன் இரண்டு பக்கமும் நிறுவி, ஒருமுறை பேசிப் பாருங்கள். வயதான நண்பர்களுக்கு நீங்களே உட்கார்ந்து நிறுவிக் கொடுங்கள், தயவுசெய்து.

விடைபெறும் விருந்தை ஞாயிறு மதியம் வையுங்கள். தனியார் வேலையில் பலருக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. வெள்ளி இரவு வைத்தால், மறுநாள் வேலை இருப்பதால் கேம்ப்பில் (தொழிலாளர் குடியிருப்பில்) தங்கியிருப்பவர்கள் பலர் வர முடியாது.

அங்கே வாங்கிய ரைஸ் குக்கருக்குச் சதுர மூன்று முனை பிளக்; ஊரில் உள்ள வட்டத் துளை சாக்கெட்டில் அப்படியே பொருந்தாது. அறை நண்பர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.