ஷாத்தோநெஃப்-து-பாப்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள் (பிரான்ஸ், ரோன் பள்ளத்தாக்கு)

முதல் பதிவு

ஒயினுக்குப் பேர்போன ஊர் இது, கோட்டையை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான். அவினியோனிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஊருக்குள் ரயில் நிலையம் இல்லை. வண்டியைக் கீழே விட்டுவிட்டுச் சந்துகள் வழியாக ஏறுங்கள். கீழிருந்து நிமிர்ந்து பார்க்கும்போது கோபுரம் முழுசாகத் தெரியும். மேலே போய்ச் சுற்றி வந்தால்தான் பின்பக்கமே இல்லை என்பது புரியும். போப் 22ஆம் யோவான் காலத்தில், 1317 முதல் 1333 வரை கட்டியது. மதப் போர்களில் எரிந்து, பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு ஊராருக்குக் கல் எடுக்கும் இடமாகிப்போனது. எஞ்சி நின்ற கோபுரத்தை 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடிவைத்தது. அதில் வடபாதி போய்விட்டது. மேலே நின்றால் ரோன் ஆறு, அவினியோன், வாந்தூ மலை மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும். மிஸ்த்ரால் காற்று வீசும் நாளில் தொப்பி தலையில் நிற்காது.

பதில்

ஊர்ப் பெயர் பற்றி ஒரு திருத்தம். 'போப்பின் புதுக்கோட்டை' என்று எல்லோரும் மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் 'புதுக்கோட்டை' என்ற பெயர் அந்தப் போப்புக்கு முந்தியது. சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் நெடுங்காலம் 'ஷாத்தோநெஃப் கால்செர்னியே' என்றுதான் வழங்கியது. போப் பெயரில் ஒட்டிக்கொண்டது 1893இல். ஒயின் விற்க எது உதவும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது!

பதில்

திராட்சைத் தோட்டம் பார்ப்பவர்களுக்கு: இங்கே கிரனாஷ் என்ற திராட்சை வகைக் கொடிக்குப் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது. குட்டையான அடிமரத்தில் நாலைந்து கைகள் கிண்ணம்போல விரியும்படி கவாத்து செய்கிறார்கள். தாழ்வாக இருப்பதால் காற்றில் தளிர் முறிவது குறைவு. சிரா என்ற இன்னொரு வகைக் கொடி அப்படித் தாக்குப்பிடிக்காது. அதனால் அதைக் கம்பியில் கட்டுகிறார்கள். பூக்கும் நேரத்தில் குளிரோ மழையோ வந்தால் கிரனாஷில் பூ உதிர்ந்து குலை ஓட்டையாகிவிடும். அந்த ஆண்டு விளைச்சல் பாதியாகக்கூடக் குறையலாம். அறுவடை கையால்தான், இயந்திரத்துக்கு அனுமதி இல்லை. விளைச்சலுக்கு அடிப்படை உச்சவரம்பு ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர். பிரான்சில் இது மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று.

புகைப்படங்களில் வரும் உருண்டைக் கற்களைப் பார்த்துவிட்டு எல்லாத் தோட்டமும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். மணல் நிலம் உண்டு, சுண்ணாம்புப் பாறை நிலமும் உண்டு. பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவில் விடும் என்பது உண்மைதான். ஆனால் வெயில் கூடிப்போன இந்தக் காலத்தில் அந்தச் சூடு வரமா என்பதே கேள்வி. பழத்தில் சர்க்கரை ஏறினால் ஒயினில் சாராய அளவும் ஏறும். 15 சதவீதம் இப்போது சாதாரணம். என் கணக்கில் கல்லைவிட அதன் அடியில் ஈரம் பிடித்து வைக்கும் களிமண்ணே பெரிது. கல்மேல் செருப்போடு நடக்காதீர்கள், கணுக்கால் பிசகும். கேட்காமல் வரிசைக்குள் இறங்கவும் வேண்டாம்.

பதில்

இந்த ஒயினுக்கு அனுமதித்த திராட்சை வகை 13ஆ 18ஆ என்று பலருக்கும் குழப்பம்: இரண்டும் சரி. பழைய கணக்கு 13. 2009 முதல் ஒரே வகையின் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களைத் தனித்தனியாக எண்ணுவதால் 18. ஒயினுக்கு ஊர்ப் பெயரை வைக்கச் சட்டக் காப்பு கிடைத்தது 1936இல். ரோஸ் எனும் இளஞ்சிவப்பு ஒயினை இந்தப் பெயரில் விற்க முடியாது. யாராவது நீட்டினால் லேபிளைப் படியுங்கள்.

பதில்

வாங்கும்போது: பல புட்டிகளின் தோளில் போப்பின் மகுடமும் குறுக்குச் சாவிகளும் கண்ணாடியிலேயே புடைத்திருக்கும், 1937 முதல் வரும் வழக்கம். அது இல்லாவிட்டால் போலி என்று அர்த்தமில்லை. எல்லாத் தயாரிப்பாளரும் அந்தப் புட்டியைப் பயன்படுத்துவதில்லை. கோடையில் புட்டியைக் காரில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சூட்டில் தக்கை மேலே தள்ளும், ஒயின் வெந்துவிடும். இந்தியாவுக்குத் தீர்வையின்றி 2 லிட்டர்தான். 750 மில்லி புட்டி இரண்டு கொண்டுவரலாம், மூன்றாவது வரம்பைத் தாண்டிவிடும். பெரிய பெட்டியில் துணி சுற்றி வையுங்கள்.

சுவைக்கும் இடத்தில் துப்புவதற்கென்றே கலம் வைத்திருப்பார்கள். துப்புவது அங்கே அவமரியாதை இல்லை. ஓட்டுநருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. செப்டம்பரில் அறுவடை மும்முரம். முன்பதிவு இல்லாமல் போனால் கதவைத் திறக்க ஆள் இருக்காது. மதியம் 12 முதல் 2 வரை பல இடங்களில் அடைப்பு.

பதில்

ஒன்றை யாரும் சொல்லவில்லையே! 1954இல் இந்த ஊர் மேயர் ஓர் ஆணை போட்டார்: பறக்கும் தட்டுகள் ஊர் எல்லைக்குள் பறக்கவோ இறங்கவோ கூடாது, மீறி இறங்கினால் பிடித்து அடைக்கப்படும். ஆணை இன்னும் ரத்தாகவில்லை.