மறுமொழி: ஆனோடு, கேத்தோடு - குறியா, வழியா?

வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு மின்வேதியியல் பாடத்தின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். நெய்தல் திணைக்குரிய பொழுதான எற்பாடு காலையா மாலையா என்று நம் குழுவில் மூன்று நாள் எழுதித் தீர்த்தோம். ஆனோடு, கேத்தோடு என்ற இரு மின்முனைகளுக்கும் தமிழ்ப் பெயரை நேர், எதிர் என்ற குறியை வைத்து இடுவதா, மின்னோட்டம் போகும் வழியை வைத்து இடுவதா என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது.

எனக்கு ஆனோடுக்கு வழங்கும் 'நேர்மின்வாய்' என்ற சொல்லோடுதான் வழக்கு. நேற்று வகுப்பில் டேனியல் மின்கலத்தை வரைந்தேன். அதில் ஆனோடு துத்தநாகத் தகடு. தகட்டின் மேல் கழித்தல் குறி, கீழே 'நேர்மின்வாய்'. முன்வரிசை மாணவி எழுந்து, "ஐயா, குறியை அழிப்பதா, பெயரை அழிப்பதா?" என்று கேட்டாள். இரண்டும் சரி என்றேன். அவள் முகம் தெளியவில்லை. மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிக்கும் மின்பகுப்பில் ஆனோடு நேர்மின் முனை. மின்சாரம் தரும் மின்கலத்தில் அதுவே எதிர்மின் முனை. குறியை வைத்துப் பெயரிட்டதால் வந்த வினை இது.

கிரேக்கச் சொல்லில் இந்தச் சிக்கல் இல்லை. 1834இல் அறிவியலாளர் ஃபாரடே கேட்டதற்குக் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல் எழுதிக்கொடுத்த சொற்கள் ஆனோடும் கேத்தோடும். அனா என்றால் மேல், கட்டா என்றால் கீழ், ஹொடோஸ் என்றால் வழி. மின்னோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போவதாக வைத்துக்கொண்டு, ஞாயிறு எழும் வழி, படும் வழி என்று விளக்கினார் ஃபாரடே. கரைசலுக்குள் மின்னோட்டம் புகும் இடம் எதுவோ அது ஆனோடு. இருவகைக் கலத்துக்கும் பொருந்திவிடுகிறது.

'ஓடு' என்ற அந்த ஈற்றுக்கு 'வாய்' என்று முன்பே வைத்தவர்களைக் கும்பிட வேண்டும். நன்னூலின் ஏழாம் வேற்றுமை உருபுகளில் வாயும் உண்டு, வழியும் உண்டு. மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டையோடின் பெயரிலும் அதே ஹொடோஸ்தான்; அங்கே மட்டும் 'இருமுனையம்' என்று வழியை முனையாக்கிவிட்டோம்.

ஆகவே ஆனோடுக்கு ஏறுவாய், கேத்தோடுக்கு இறங்குவாய் என்கிறேன். ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் ஏறுவாய், மாணவர்கள் மறக்கமாட்டார்கள். குழுவில் அம்மையார் ஒருவர் சொன்ன 'எழுவாய்' இதைவிட அழகு, ஆனால் அதைப் பயனிலையிடமிருந்து பிரித்துக் கொண்டுவர முடியாது. ஏறுவாய் 'நீ ஏறுவாய்' என்று முன்னிலை வினைமுற்றாக ஒலிக்கிறது என்று குழுவில் இன்னொருவர் மறுக்கிறார். வருவாயும் அப்படித்தான் ஒலிக்கிறது. வருவாய்த் துறைப் பலகையைப் பார்த்து யாரும் தடுமாறுவதில்லையே.

தேர்வுத்தாளில் வருவது நேர்மின்வாய்தான், அதையே போடுங்கள் என்று பெரும்பாலோர் எழுதியிருக்கிறீர்கள். சரி, பாடத்தில் அதையே போடுகிறேன். டேனியல் மின்கலப் படத்தின் கீழே அடிக்குறிப்பாக ஏறுவாயும் இருக்கட்டும். அதை மட்டும் நீக்கச் சொல்லாதீர்கள்.