ஆப்பில் +5 செகண்ட், கையில் கட்டினால் கால் மணி நேரம் ஸ்லோ: எச்.எம்.டி. ஜனதா

குமிழ்சாவி
எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம், 17 கல், கைச்சாவி. முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்க வைத்து டிக் சத்தத்தைக் கேட்டு அளக்கும் போன் ஆப்பில் பார்த்தால் ஒரு நாளைக்கு +5 செகண்ட், ஆம்ப்ளிட்யூட் (நேரத்தை அளந்து ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு) 265 டிகிரி, பீட் எரர் (டிக்குக்கும் டாக்குக்கும் உள்ள இடைவெளி வித்தியாசம்) 0.4 மில்லிசெகண்ட். கிரவுன் கீழே பார்க்க வைத்தால் −12. ஆனால் காலை 7 மணிக்கு நேரம் வைத்தால் மாலை 6 மணிக்கு 14 நிமிஷம் பின்னால் நிற்கிறது. சில நாள் 3 நிமிஷம்தான், சில நாள் 20. நேரம் வைக்கும்போது முள் துளியும் பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. கடையில் "பேலன்ஸ் போச்சு, மாத்தணும்" என்கிறார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைக் கொஞ்சம் ஃபாஸ்ட் பக்கம் தள்ளினால் போதாதா?

இன்னொன்று: வீட்டில் எட்டு நாள் பெண்டுலம் சுவர்க்கடிகாரம் இருக்கிறது. சாவி முழுசாக ஏறுகிறது, ஆட்டிவிட்டால் 5 நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது. இந்த இரண்டுக்கும் செலவு செய்யலாமா?

பல்சக்கரம்
ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். பேலன்ஸையும் மாற்றாதீர்கள். நீங்களே எழுதிய எண்களிலேயே பதில் இருக்கிறது.

11 மணி நேரத்தில் 14 நிமிஷம் என்றால் 2 சதவீதத்துக்கு மேல். பேலன்ஸ் அவ்வளவு மெதுவாக ஆடினால் ஆப்பில் நாளைக்கு −1,800 செகண்டுக்கு மேல் காட்ட வேண்டும், திரையில் ஓடும் கோடு செங்குத்தாகச் சரிந்திருக்கும். +5 காட்டுகிறது என்றால் என்ஜின் சரியாக ஓடுகிறது, முள்ளுக்குத்தான் ஓட்டம் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் 3, ஒரு நாள் 20 என்று மாறுவதும் அதே கதைதான். ரேட், அதாவது ஓடும் வேகம், தப்பென்றால் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் தப்பும்.

சந்தேகம் கேனன் பினியன் மேல். நடுச் சக்கரத்தின் அச்சில் இறுக்கமாகச் செருகிய சின்னக் குழாய் அது. பெரிய முள் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது அச்சோடு சேர்ந்து சுற்ற வேண்டும், நாம் நேரம் வைக்கும்போது மட்டும் வழுக்க வேண்டும். பிடிப்பு தளர்ந்தால் ஓடும்போதே வழுக்கும். செகண்ட் முள்ளுக்கு ஓட்டம் கேனன் பினியன் வழியாக வருவதில்லை, அதனால் அது மட்டும் சரியாக ஓடும்.

கழற்றாமலே சோதிக்கலாம். செகண்ட் முள் 12-ஐத் தொடும் அதே நொடியில் பெரிய முள்ளை ஒரு நிமிஷக் கோட்டின் மேல் துல்லியமாக நிறுத்துங்கள். அரை மணி கழித்து, செகண்ட் முள் மறுபடி 12-க்கு வரும்போது பெரிய முள் எங்கே என்று பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால் வழுக்குகிறது. 2 மணி நேரம் விட்டுப் பார்க்காதீர்கள். சரியாக ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ வழுக்கியிருந்தால் முள் மறுபடி கோட்டின் மேலேயே நின்று ஏமாற்றும்.

அதோடு சின்ன முள்ளையும் கவனியுங்கள். பெரிய முள் 12-இல் நிற்கும்போது சின்ன முள் ஒரு எண்ணுக்கு நேராக நின்றால், இரண்டும் சேர்ந்தே பின்தங்குகின்றன, கேனன் பினியன்தான். சின்ன முள் எண்ணைத் தாண்டியோ எண்ணுக்கு வராமலோ நின்றால் ஏதோ ஒரு முள் தன் இடத்தில் லூஸ், அல்லது ஒன்றோடொன்று உரசித் தடுக்கிறது. அது முள்ளை எடுத்துச் சரியாக அழுத்திப் போட்டாலே தீரும்.

பழைய_டயல்
மேலே சொன்னது சரி. கழற்றப் போகிறவர்களுக்குச் சில சேர்க்கை.

முள் எடுக்கும்போது டயல் மேல் பிளாஸ்டிக் தாள் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் பெயின்டில் கோடு விழும். டயலைப் பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூவும் மூவ்மென்டின் பக்கவாட்டில் இருக்கும். அவற்றைத் தளர்த்தினால் போதும், முழுசாக எடுத்தால் தரையில்தான் தேட வேண்டும். டயலுக்கும் சின்ன முள்ளைத் தாங்கும் மணிச் சக்கரத்துக்கும் நடுவில் மெல்லிய வாஷர் இருந்தால் பத்திரம். கேனன் பினியனை நேர் மேலாகத்தான் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் நெம்பினால் நடுச் சக்கரத்தின் அச்சு வளையும். அப்புறம் இது சின்ன வேலை இல்லை.

குழாயின் பக்கத்தில் ஒரு குழி தெரியும், கம்பெனியே போட்டது. பிடிப்பு அங்கேதான். உள்ளே வழவழப்பான பித்தளைக் கம்பியை விட்டுக்கொண்டு அதே குழியில் லேசாக அழுத்த வேண்டும். கம்பி இல்லாமல் அழுத்துகிறவர்கள்தான் குழாயை நசுக்குகிறார்கள். ஒருமுறை அழுத்தி, போட்டுப் பார்த்து, போதாவிட்டால் இன்னொருமுறை. அச்சில் அந்த இடத்தில் பொட்டளவு கெட்டி ஆயில் அவசியம். "ஆயில் போட்டால் வழுக்கும்" என்று காய வைத்துவிடுகிறார்கள், உலோகத்தில் உலோகம் தேய்ந்து 6 மாதத்தில் மறுபடி லூஸ் ஆகும். வேண்டியதற்கு மேல் இறுக்கினாலும் ஆபத்து: நேரம் வைக்கும்போது அந்தப் பாரம் முழுவதும் நடுவில் இருக்கும் சின்னச் சக்கரங்களின் பல்லுக்குப் போகும்.

எல்லா வாட்சிலும் பிடிப்பு இதே இடத்தில் இருக்காது. சிலவற்றில் பேரல் (மெயின்ஸ்பிரிங் இருக்கும் டப்பா) மேல் உட்கார்ந்த சக்கரத்தில் இருக்கும். டயலை எடுத்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

சர்வீஸும் சேர்த்துச் செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் பேலட்டின் கல்லும், பேலன்ஸில் இருக்கும் ரோலர் கல்லும் அரக்கில் ஒட்டியவை. ஸ்பிரிட்டில் ஊறப்போட்டால் அரக்கு கரைந்து கல் நகரும். வெள்ளைப் பெட்ரோலில் கழுவலாம். பேலட்டின் அச்சுமுனைக்கு ஆயில் விடக் கூடாது, கல்லின் முகத்துக்கு மட்டும். இதை மாற்றிச் செய்யும் கடைகள் நிறைய.

எட்டுநாள்
சுவர்க்கடிகாரத்துக்கு வருகிறேன். சாவி ஏறுகிறது, ஆட்டினால் கொஞ்சம் ஓடி நிற்கிறது என்றால் முதலில் காதைத்தான் நம்ப வேண்டும். டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். "டிக்டாக்... டிக்டாக்..." என்று நொண்டினால் பீட் தப்பியிருக்கிறது. பெட்டியின் அடியை இடம் வலமாக மெல்ல நகர்த்துங்கள், சத்தம் சமமாகும் இடம் ஒன்று கிடைக்கும். அந்தக் கோணலிலேயே ஓடினால் வேறு பழுது இல்லை. கோணல் கண்ணை உறுத்தினால், பெண்டுலத்தைத் தள்ளிவிடும் கம்பியை வளைத்துப் பெட்டியை நேராக்கலாம். எந்தப் பக்கம் உயர்ந்தபோது சமமாயிற்றோ அந்தப் பக்கமாகவே, மயிரிழை மயிரிழையாக.

பீட் சரியாக இருந்தும் நின்றால், பெண்டுலம் தொங்கும் தகட்டு ஸ்பிரிங் மடிந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து பித்தளைத் தட்டில் உள்ள துளைகள். ஆயிலில் தூசி கலந்தால் அது அரைக்கும் பசை. துளை முட்டை வடிவமாகும், பற்கள் ஆழமாகப் பொருந்தாது. சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் ஆட்டும்போது அச்சு துளைக்குள் இடம் மாறினால் புஷ் (துளைக்குள் அடிக்கும் சின்ன வளையம்) போட வேண்டும். "அந்தக் காலத்துப் பொருள் தேயாது" என்பதெல்லாம் சும்மா. தேயும், தேய்ந்த இடத்தில் புது புஷ் அடிக்க முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் முழுக்கக் கழுவுங்கள். குளிரில் உறையும், நாளாக ஆகப் பிசினாகும். கோழியிறகில் மண்ணெண்ணெய் தொட்டுப் பூசுவதும் அழுக்கைத் துளைக்குள் கொண்டுபோய் விடும் வேலைதான்.

ஓட ஆரம்பித்த பிறகு ரேட். இந்த வகையில் பெண்டுலம் சுமார் 25 செ.மீ. என்றால் குண்டை 1 மி.மீ. இறக்குவது நாளைக்கு ஏறக்குறைய 3 நிமிஷம் ஸ்லோ. அதனால் அடித் திருகை ஒரு சமயம் அரைச் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். இரும்புத் தண்டு என்றால் 10 டிகிரி வெயில் ஏறுவதற்கு நாளைக்கு 5 செகண்ட் தானாகவே ஸ்லோ ஆகும். மரத்தண்டில் அது மிகவும் குறைவு. மணியடிக்கும் கடிகாரத்தில் பெரிய முள்ளைப் பின்னால் சுற்ற வேண்டாம்.

குமிழ்சாவி
சோதித்தேன். அரை மணியில் பெரிய முள் கோட்டிலிருந்து அரைக் கோட்டுக்கும் மேல் பின்னால். செகண்ட் முள் போன் நேரத்தோடு அப்படியே ஒட்டி நிற்கிறது. சின்ன முள்ளும் பெரிய முள்ளும் ஒத்துப் போகின்றன. சுவர்க்கடிகாரம் அடியை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளியதும் 3 மணி நேரமாக ஓடுகிறது. ஜனதாவின் +5, −12 பரவாயில்லையா?

பல்சக்கரம்
தாராளமாக. இது மணிக்கு 18,000 துடிப்பு, நாளைக்கு 4,32,000. 99.99 சதவீதம் சரியாக ஓடினாலே நாளைக்கு 8.64 செகண்ட் வித்தியாசம் வரும். ஸ்விஸ் குரோனோமீட்டர் சான்றிதழ் வாங்கும் வாட்சுக்கே சராசரி −4 முதல் +6 வரை அனுமதி. இரவில் டயல் மேலே பார்க்க வைத்தால் பகலில் விழும் இழப்பில் கொஞ்சம் தானே சரியாகும்.

திடீரென்று ஒருநாள் நிமிஷக்கணக்கில் ஃபாஸ்ட் ஆனால் ஸ்பீக்கர் பக்கம் வைத்தீர்களா என்று யோசியுங்கள். ஹேர்ஸ்பிரிங்கில் (பேலன்ஸோடு இருக்கும் மெல்லிய சுருள்) காந்தம் ஏறிச் சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். காந்தத்தை நீக்கும் டீமேக்னடைஸரில் ஒரு நிமிஷ வேலை.

கடைக்குப் போய் "கேனன் பினியன் டைட் பண்ணுங்க, டயல் போடறதுக்கு முன்னாடி பிடிப்பைக் காட்டுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பேலன்ஸ் மாற்றியே தீருவேன் என்றால் வாட்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்த பிறகு மாற்றுவதற்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் வேறு வாட்சிலிருந்து கழற்றிய பாகம். உங்கள் பேலன்ஸ் இப்போது 265 டிகிரி ஆடுகிறது.