கணைக்கால் கீறல்: மறுபடி எப்போது ஓடலாம்?

நொய்யல்கரை:
வலது கணைக்கால் எலும்பின் உட்பக்கத்தில் கீறல். முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, எம்ஆர்ஐயில்தான் தெரிந்தது. ஓட்டத்தை நிறுத்தி ஏழு வாரம். நடந்தால் வலிக்கவில்லை. டிசம்பரில் கோவை மாரத்தானில் 10 கிலோமீட்டர் ஓட ஆசை. நாளை ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று ஓடிப் பார்க்கலாமா?

தறிக்காரன்:
தாராளமாக ஓடுங்கள் தம்பி. வலிதான் அளவுகோல். நான் ஆறாம் வாரமே ஓடினேன். தறியில் இழை அறுந்தால் முடிந்துவிட்டு உடனே ஓட்டுகிறோம், கால் மட்டும் என்ன? சும்மா கிடந்தால் கெண்டைச்சதைதான் கரையும்.

மலையடிவாரம்:
அண்ணா, இழையை நொடியில் முடிந்துவிடலாம். எலும்பு அப்படியல்ல. பழுதான பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் புதிதாக அடைக்கும். இடையில் சில வாரங்கள் அந்த இடம் பலவீனமாகவே இருக்கும், வலி அடங்கியிருந்தாலும்கூட. ரேஸ்கோர்ஸ் சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். முதல் நாளே அது எதற்கு?

தம்பி, எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாணயம் அளவு இடத்தில் சுருக்கென்றால் ஓட்டம் வேண்டாம். இல்லையென்றால் அரைமணி நேரம் விறுவிறுவென நடங்கள்; பிறகு அந்த ஒற்றைக்காலில் பத்து முறை குதியுங்கள். இரண்டிலும் வலி இல்லையா? ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, பத்து முறை. மறுநாள் ஓய்வு. தூரத்தைக் கூட்டுங்கள், வேகம் கடைசியில்.

தறிக்காரன்:
நொண்டி விளையாடியே டிசம்பர் போய்விடும். லேசாக வலித்தால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடட்டும்.

மலையடிவாரம்:
வலிதான் அளவுகோல் என்றீர்களே! அளவுகோலை மாத்திரையால் மறைத்துவிட்டு எதை வைத்து அளப்பது? கெண்டைச்சதை பற்றிச் சொன்னது மட்டும் சரி. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சைக்கிளை இப்போதே தொடங்கலாம்.

வாய்க்கால்மேடு:
கீறல் எலும்பின் முன்பக்கம் என்றால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது; முழுதாக முறியக்கூடிய இடம் அது, மருத்துவர் சொல்லாமல் ஓடவே கூடாது. இன்னொன்று, ஏன் வந்தது என்று யாருமே கேட்கவில்லையே? என் மகளுக்கு இரண்டாம் முறை கீறல் விழுந்தபோதுதான் விசாரித்தோம். எடை குறையட்டும் என்று இரவுச் சோற்றை விட்டிருக்கிறாள். மாதவிலக்கும் நான்கு மாதமாக நின்றிருக்கிறது.

நொய்யல்கரை:
அழுத்திப் பார்த்தேன். கணுவுக்கு ஒரு சாண் மேலே, ஒரே இடத்தில் சுருக்கென்றது. மாடியில் கிடந்த சைக்கிளை இறக்கிக் காற்றடித்து வைத்திருக்கிறேன்.