தலைக்கு 3,000 ரூபா வீகன் சாப்பாடு: வேலூர்காரங்க என்ன சொல்றீங்க?

காட்பாடி ஜங்ஷன்:
நம்ம ஊர்லயும் ஒரு நல்ல வீகன் ரெஸ்டாரண்ட் வரணும்னு இங்க சிலர் கேட்டுக்கினே இருக்கீங்க, அதனால எழுதறேன். நானும் வீட்டுக்காரம்மாவும் பெங்களூர்ல அந்த மாதிரி ஒரு பெரிய எடத்துக்கு போயிட்டு வந்தோம், கடை பேர் வேணாம். வீகன்னா கறி, மீன் மட்டும் இல்ல, பால், தயிர், நெய், தேன், முட்டை எதுவுமே உள்ள வராது, ஏழு கோர்ஸ் செட் மெனு, அதாவது அவங்க முடிவு பண்ணத ஒண்ணு ஒண்ணா ஏழு தடவ கொண்டு வருவாங்க. தலைக்கு 3,000, அதுக்கு மேல 10 பர்சன்ட் சர்வீஸ் சார்ஜ அவங்களாவே போட்டு, 5 பர்சன்ட் ஜிஎஸ்டியும் சேர்த்து பில்லு 6,930. இடம் அருமை, பரிமாறின பசங்க அவ்ளோ மரியாதையா ஒவ்வொரு தட்டையும் விளக்கி சொன்னாங்க, அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சாப்பாடு தான் பிரச்சன. பலாக்காய நார் நாரா பிச்சு சாஸ்ல பொரட்டி கறி மாதிரி, முந்திரிய அரச்சு சீஸ் மாதிரி, கொண்டக்கடல வேகவச்ச தண்ணிய நொர பொங்க அடிச்சு முட்ட வெள்ளக்கரு மாதிரி. எல்லாமே வேற ஒண்ணு மாதிரி. கடைசில கேழ்வரகுல எலுமிச்சம்பழ சைஸ்ல ஒரு உருண்ட, பக்கத்துல ஒரு ஸ்பூன் கீரை, அது பாரம்பரிய கோர்ஸாம். களி, கடஞ்ச கீரை, மல்லாட்ட (வேர்க்கடல) சட்னி, மொச்சக்கொட்ட கொழம்பு இதெல்லாம் நம்ம பக்கம் எந்த வீட்லயும் பால் நெய் இல்லாம தான ஆகுது? அத விட்டுட்டு சீஸ்க்கு போலி பண்ணி ஏழாயிரம் வாங்கறது எனக்கு கொஞ்சமும் நியாயமா படல.

ஆபீசர்ஸ் லைன்:
சர்வீஸ் சார்ஜ் பத்தி மட்டும் சொல்றேன். அத பில்லுல தானா சேக்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022லயே வழிகாட்டுதல் போட்டுட்டாங்க, ஹோட்டல்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. எடுக்க சொன்னா எடுத்து தான் ஆகணும்.

பச்சை இலை:
காட்பாடி அண்ணா, "போலி"ன்னு சொல்றத ஒத்துக்க முடியாது. வாழக்காய்க்கு மீன் மசாலா தடவி வறுக்கறது நம்ம வீடுங்கள்ல எத்தன தலமுறையா நடக்குது, கல்யாணத்துல மீல்மேக்கர் போட்டு குருமா வக்கிறாங்க, அத யாரும் போலின்னு சொன்னதில்ல. சின்ன வயசுலேர்ந்து கறி, சீஸ், முட்ட எல்லாம் சாப்ட்டு வளந்தவங்க ஒரு மனசாட்சிக்காக விடறாங்க, அந்த ருசி நாக்குல இருக்க தான செய்யும்? ஒரு உயிர தொடாம அந்த ருசிய கொண்டுவர்றதுக்கு ஒரு செஃப் மாசக்கணக்கா மண்டய ஒடச்சுக்கறார், அதுக்கு காசு கேக்கறார். ஸ்டார் ஹோட்டல்ல ஒரு மட்டன் தட்டுக்கு ஆயிரத்துக்கு மேல குடுக்கும்போது யாரும் கணக்கு கேக்கறதில்ல, காய்கறின்னு வந்தா மட்டும் ஏன் அது மலிவா தான் இருக்கணும்? காய்கறி சமையல் ரெண்டாந்தரம்னு மனசுல ஊறிப்போன நெனப்பு தான் காரணம்னு நான் நம்பறேன்.

சீரகசம்பா ஆம்பூர்:
தங்கச்சி சொல்றது மரியாதையான பேச்சு தான், ஆனா எனக்கு ஒரு கேள்வி. 1944ல இங்கிலாந்துல டொனால்ட் வாட்சனும் அவர் கூட்டாளிங்களும் வீகன் சொசைட்டி ஆரம்பிச்சாங்களே, அந்த சொசைட்டி கணக்குப்படி சாப்பாடு மட்டும் இல்ல, துணிமணி, செருப்பு எல்லாமே சேரும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு இந்த பக்கம் பூரா தோல நம்பி தான் அடுப்பு எரியுது. ஷூ கம்பெனிக்கு காலைல பஸ் பஸ்ஸா போற பொம்பளைங்கள பாத்திருப்பீங்க. ஏழாயிரம் குடுத்து ஒரு வேள சாப்பாட்ட வீகனா சாப்ட்டுட்டு தோல் ஷூ போட்டுக்கினு வெளிய வர்றவங்களுக்கு அது மனசாட்சி இல்ல, ஃபேஷன். அப்புறம் "வீகன் லெதர்"னு விக்கறாங்களே, அதுல முக்காவாசி பெட்ரோலியத்துலேர்ந்து வர்ற பாலியுரேத்தேன், பிவிசி பிளாஸ்டிக். மண்ணுல மக்காது.

பச்சை இலை:
நான் தோல் போடறதில்ல பாய், துணி ஷூ தான். தொழிலாளிங்க மேல எனக்கு எந்த கோவமும் இல்ல. ஆனா தோல் தொழில் இந்த மண்ணுக்கு பண்ணத மறக்க முடியாதே. பாலாத்து தண்ணி கெட்டதுக்கு தான வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போச்சு, 1996ல தீர்ப்பு வந்துச்சு, கெடுத்தவன் தான் காசு கட்டணும்னு. இன்னொண்ணு, பாலும் தோலும் தனித்தனி தொழில் இல்ல. பால் நின்னுபோன மாடு, உழவுக்கு வேணான்னு ஆன காளக்கன்னு எல்லாம் எங்க போகுதுன்னு உங்களுக்கு என்ன விட நல்லா தெரியும். அதனால தான் வெறும் சைவத்தோட நிக்காம பாலையும் விட்டோம்.

அணைக்கட்டு:
மாடு வச்சிருக்கறவன் பேசறேன், கேளுங்க. மழ பொய்ச்சா நெலம் கைவிட்டுடும், பால் காசு தான் வீட்ல பொம்பளைங்க கைக்கு நேரா வரும், பசங்க பீசு கட்டறது அதுல தான். பால் பாவம்னு நகரத்துலேர்ந்து யாராவது சொன்னா எங்களுக்கு வயிறு எரியும். இத சொல்லிட்டு அடுத்தது சொல்றேன், அந்த பெரிய ஹோட்டலுங்க மேல எனக்கு கோவம் இல்ல, அவங்க எங்கேர்ந்து வாங்கறாங்கன்றதுல தான் கோவம். எங்க இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது. காம்புல முள்ளு, உள்ள சதப்பத்து, எண்ணெயில போட்டா வெண்ண மாதிரி கரையும். ஆனா வெளச்சல் கூடற சீசன்ல கூட கேட்ட வெலைக்கு தள்ளிட்டு தான் வர்றோம். காய்கறிய வச்சே மூவாயிரம் வாங்கற ஹோட்டல், எங்கயோ கப்பல்ல வர்ற காயிக்கும் காளானுக்கும் குடுக்கற காச இதுக்கு குடுக்கட்டும், நானே அவங்களுக்கு ஆதரவா பேசறேன்.

சீரகசம்பா ஆம்பூர்:
கத்திரிக்கான்னதும் சொல்லாம இருக்க முடியல. எங்க பிரியாணிக்கு பக்கத்துல வக்கற கத்திரிக்கா இருக்கே, புளி, எள்ளு, வேர்க்கடல அரச்சு விட்டு எண்ண மேல மெதக்கற மாதிரி வக்கறது, அதுல ஒரு சொட்டு பால் கெடையாது. எந்த செஃப் வேணா வரட்டும், அத விட நல்லா ஒரு வீகன் தட்டு குடுக்கட்டும். அதுவும் பிரியாணியோட ஓசில வருது.

பாகாயம் மாஸ்டர்:
நான் இருவது வருஷத்துக்கு மேல கிச்சன்ல நிக்கறவன், கொஞ்ச காலம் பெரிய ஊர்ல இந்த டைப் கிச்சன்லயும் நின்னிருக்கேன். வெல ஏன் ஏறுதுன்னு யாரும் சொல்லல, நான் சொல்றேன். முந்திரி சீஸ்னா ராத்திரி பூரா ஊறப்போடணும், மைய அரைக்கணும், அதுல கல்ச்சர், அதாவது புளிக்க வக்கற நல்ல கிருமி சேத்து ஒரு நாளு ரெண்டு நாளு புளிக்க விடணும், துணில கட்டி தொங்கவிட்டு தண்ணி வடிக்கணும், அப்புறம் ஃப்ரிட்ஜ்ல இறுக விடணும். சூடு ஏறுச்சுன்னா முழு பேட்ச்சும் குப்பைக்கு. பாதாம் பால்னா வடிச்ச சக்க ஒரு பக்கம் கெடக்கும், அதுக்கும் சேத்து தான் காசு குடுத்து வாங்கினோம். பன்னீர்னா போன் பண்ணா வந்துடும், இதெல்லாம் ஆள் வச்சு நம்மளே செஞ்சாகணும். ஆள் சம்பளம் தான் பாதி. அதனால கொள்ளன்னு சொல்லாதீங்க. ஆனா காட்பாடியார் சொன்ன இன்னொண்ணு உண்ம. களிய எலுமிச்சம்பழ சைஸ்ல உருட்டி வக்கறது களிக்கு மரியாத இல்ல. களின்னா ஆவி பறக்க பெரிய உருண்டயா வரணும், நடுவுல குழி பண்ணி கொழம்ப ஊத்தணும், ஆறிப்போச்சுன்னா கல்லு. ஏழாவது கோர்ஸா வெள்ளைத் தட்டுல வச்சு விளக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆறிடும், அப்புறம் எங்க ருசிக்கும்.

காட்பாடி ஜங்ஷன்:
மாஸ்டர் சொல்ற வேலப்பாட மதிக்கறேன். ஆனா இவ்ளோ வேலப்பாடு வச்சும் நிக்க முடியுதா? நியூயார்க்ல லெவன் மேடிசன் பார்க்னு ஒரு ஹோட்டல், உலகத்துலயே பெரிய பேர். 2021ல கறி மீன் எல்லாத்தையும் எடுத்துட்டு முழுசா காய்கறிக்கு மாறினாங்க, தலைக்கு 335 டாலர். 2025 அக்டோபர்ல திரும்ப கறிய மெனுல சேத்துட்டாங்க. அவ்ளோ பெரிய ஊர்லயே நாலு வருஷம் தான்னா வேலூர்ல எத்தன மாசம் ஓடும்?

பச்சை இலை:
அதுல நடுவுல ஒண்ண விட்டுட்டீங்க அண்ணா. காய்கறிக்கு மாறின அப்புறம் தான் 2022ல மறுபடியும் மூணு மிஷலின் ஸ்டாரும், அதான் ஹோட்டலுங்களுக்கு குடுக்கற உச்ச மதிப்பு, அவங்களுக்கு கெடச்சுது. ருசில தோக்கல. கறி வேணும்னு கேக்கற கூட்டமும் வரணும்னு மாத்திக்கிட்டாங்க, அது வியாபாரம். சாப்பாடு நல்லா இல்லன்றதுக்கு அது சாட்சி ஆகாது.

சத்துவாச்சாரி அம்மா:
நீங்க எல்லாரும் ருசி, வெல, பாவ புண்ணியம்னு பேசறீங்க, எங்க வீட்டு நெலம வேற. எம் பையனுக்கு பால் அலர்ஜி. ஜீரணம் ஆகாத பிரச்சன இல்ல, பால் புரதமே ஒத்துக்காது, கொஞ்சூண்டு பட்டா கூட ஒடம்பு பூரா தடிப்பு வந்து மூச்சு வாங்கும். வெளிய நாஷ்டாவுக்கு போனா ஒவ்வொண்ணுக்கும் நான் கேள்வி கேக்கணும். பொங்கல்ல நெய், தோச கல்லுல வெண்ண, குருமால தயிர், பரோட்டா மாவுல பால், பிரெட்ல பால் பவுடர். ஒரு ஹோட்டல்ல இல்லன்னு சத்தியம் பண்ணி குடுத்த சாம்பார்ல மேலாக்க நெய் ஊத்தியிருந்தாங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு தான் ஓடினோம். பாக்கெட்ல சைவம்னு காட்டற பச்சப்புள்ளி எனக்கு ஒதவாது, அதுல பாலும் அடக்கம். 2022ல மத்திய அரசோட உணவு பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ வீகனுக்குன்னு தனி விதி போட்டு, வி எழுத்துக்கு மேல எல வச்ச பச்ச முத்திர கொண்டு வந்தாங்க, அத பாத்து தான் பிஸ்கட்டே வாங்கறேன். சென்னைல ஒரு வீகன் ரெஸ்டாரண்ட்டுக்கு கூட்டிட்டு போனோம், வெல ஜாஸ்தி தான், ஆனா எம் புள்ள மெனு கார்ட அவனே கைல எடுத்து, எது வேணுமோ அத அவனே சொன்னான். கேக்கும் ஐஸ்க்ரீமும் சாப்ட்டான். அந்த காசு எனக்கு ஒரு நாளும் வலிக்கல. எல்லா தாயும் கேக்கறது இது ஒண்ணு தான், நம்பி உக்கார ஒரு எடம்.

தோட்டப்பாளையம்:
அம்மா, ரெண்டு விஷயம் கவனிங்க, நான் லேப்ல வேல செய்யறேன். இந்த பெரிய வீகன் மெனுங்கள்ல முந்திரி, பாதாம், சோயா தான் முதுகெலும்பு. பால் அலர்ஜி இருக்கற பசங்கள்ல சிலருக்கு கொட்ட வகைங்களும் ஒத்துக்காது, டாக்டர்ட்ட ஒரு தடவ கேட்டுக்கோங்க. அடுத்து, முழுசா வீகனா இருக்கறவங்க பி12 வைட்டமின் மாத்திர எடுத்தே ஆகணும், இல்லன்னா பி12 சேத்த உணவு. செடில அது நம்பற அளவுக்கு கெடயாது, மெனுல சூப்பர்ஃபுட்னு எழுதியிருக்கற எந்த எலயிலயும் கெடயாது. கை கால் மரத்துப்போய் டெஸ்ட்டுக்கு வர்றவங்கள நான் பாக்கறேன்.

சத்துவாச்சாரி அம்மா:
நன்றிங்க. கொட்ட டெஸ்ட் எடுத்தாச்சு, அது ஒண்ணும் இல்ல.

காட்பாடி ஜங்ஷன்:
சத்துவாச்சாரிம்மா, உங்க நெலம எனக்கு புரியுது, உங்க புள்ளைக்கு அந்த எடம் வேணும், அதுல மாத்துக்கருத்து இல்ல. ஆனா நீங்க கேக்கறது பால் வராத ஒரு கிச்சன். அதுக்கு பளிங்கு மேஜயும் ஏழு கோர்ஸும் ஏன்? சிஎம்சி ஆஸ்பத்திரி எதிர்ல வங்காளத்துலேர்ந்தும் வடகிழக்குலேர்ந்தும் வைத்தியத்துக்கு வர்றவங்களுக்காக தெருவுக்கு தெரு மெஸ்ஸு இருக்கு, அவங்க ருசிக்கு அவங்க சாப்பாடு, ஏழபாழைங்க தாங்கற வெலைல. அந்த மாதிரி ஒண்ணு பால் இல்லாம வரட்டும். மாஸ்டர், நடக்குமா? வழக்கமான ஹோட்டல்லயே தனி தோசக்கல்லு போட்டா போதாதா?

சத்துவாச்சாரி அம்மா:
தனிக்கல்லு போதாதுங்க. கூட்ட நேரத்துல கரண்டி மாறும், அரைக்கற மிஷின் மாறும். பால் உள்ளயே வரக்கூடாது.

பாகாயம் மாஸ்டர்:
அம்மா சொல்றது சரி, பிசி டைம்ல கரண்டி மாறாத கிச்சன் கெடயாது. முழு கிச்சனும் பால் இல்லாம வச்சா நடக்கும், வெலயும் எறங்கும், ஒரே கண்டிஷன், முந்திரிய நம்பக் கூடாது. களி, புளிச்சக்கீர கடையல், முள்ளு கத்திரிக்கா கொழம்பு, மொச்ச வறுவல், சாமச்சோறு. தயிருக்கு மல்லாட்ட பால். பச்ச மல்லாட்டய ஊறவச்சு அரச்சு வடிச்சு காச்சி, மெதமான சூட்டுல பச்ச மொளகா காம்பு போட்டு மூடி வச்சா மறுநாள் ஒறைஞ்சிருக்கும், அந்த காம்புல இருக்கற கிருமியே ஒறைய வச்சிடும். மொதல் தடவ லேசா வழவழன்னு இருக்கும், அதுலேர்ந்தே எடுத்து மறுபடி ஒற ஊத்தினா நல்லா வரும். இத வச்சு மோர்க்கொழம்பு, தயிர்சாதம் எல்லாம் போடலாம். 200, 250க்கு தாராளமா குடுக்கலாம். ஆர்க்காடு மக்கன் பேடா மட்டும் பண்ண முடியாது, கோவா இல்லாம அது மக்கன் பேடாவே இல்ல.

பச்சை இலை:
நான் மொத ஆளா வருவேன் மாஸ்டர். ஆனா அது வந்துடுச்சுன்னு 3,000 ரூபா கட தப்புன்னு ஆயிடாது. எங்க கல்யாண நாளுக்கு நாங்களும் நல்லா டிரெஸ் பண்ணிக்கிட்டு ஒரு நல்ல எடத்துல மெழுகுவத்தி வெளிச்சத்துல உக்காந்து சாப்பிடணும்னு ஆசப்படுவோம், அந்த எடத்துல எங்களுக்கு வெறும் ஃப்ரைட் ரைஸும் பழத்துண்டும் தான்னு சொல்லாம ஒரு முழு மெனு இருக்கணும். கறி சாப்பிடறவங்களுக்கு ரோட்டுக்கடையும் இருக்கு, ஸ்டார் ஹோட்டலும் இருக்கு. எங்களுக்கும் ரெண்டும் வேணும்.

சீரகசம்பா ஆம்பூர்:
அந்த பாயிண்ட் நியாயம் தங்கச்சி. தோல் விஷயத்துல நான் சொன்னது சொன்னது தான், அதுல எறங்க மாட்டேன்.

காட்பாடி ஜங்ஷன்:
நானும் வெலைல எறங்கல. பெங்களூர்ல கெடச்சத ஏழாயிரத்துக்கு திரும்ப சாப்பிட மாட்டேன், மாஸ்டர் சொன்ன மெனுவ 250க்கு வாரா வாரம் சாப்பிடுவேன். ஒரு சந்தேகம் மட்டும், அங்க கடைசில காபி கேட்டேன், பால் திரிஞ்ச மாதிரி திட்டு திட்டா வந்துச்சு. அது ஏன்? நம்ம ஊர்ல காபி சரியில்லன்னா கட ஓடாது.

பாகாயம் மாஸ்டர்:
சோயா பாலோ பாதாம் பாலோ ஊத்தியிருப்பாங்க. டிக்காஷன் புளிப்பும் சூடும் சேந்தா அது திரியும். காபிக்குன்னே தனியா வர்ற ஓட்ஸ் பால்ல புளிப்ப கட்டுப்படுத்த ஒரு வகை உப்பு (சமையல் உப்பு இல்ல) சேத்திருப்பாங்க, அது திரியாது, ஆனா லிட்டர் வெல ஜாஸ்தி. சோயா தான் இருக்குன்னா பால தனியா சூடு பண்ணி டம்ளர்ல மொதல்ல ஊத்திட்டு, டிக்காஷன கொதிக்க கொதிக்க ஊத்தாம கொஞ்சம் ஆறவிட்டு மெதுவா மேல ஊத்தணும். சிக்கரி கலந்த தூள்ல புளிப்பு கம்மி, அது இன்னும் நல்லா நிக்கும்.