புதுப்பிப்பு: ரெக்கவரி வண்டி இன்டர்கூலர் ஹோஸ் மாற்றியாச்சு

போன மாதம் எழுதியிருந்தேன்: தொப்பூர் கணவாயில் தர்மபுரி பக்கம் பழுதான காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏறும்போது ‘புஸ்’ஸென்று சத்தம், கரும்புகை, இழுவை போச்சு. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவே போய்விட்டதென்று பயந்தேன். இல்லை, அந்தச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்தான்.

கழற்றிப் பார்த்தால், கிளாம்ப் (ஹோஸை இறுக்கும் பட்டை) உட்கார்ந்த இடத்தில் விரல் நீளத்துக்குக் கிழிசல். உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. விரலால் அழுத்தினால் ரப்பர் பஞ்சு மாதிரி அமுங்கியது. டர்போவிலிருந்து கொஞ்சம் எண்ணெய் ஆவி வரத்தான் செய்யும். சாதா சிலிக்கான் சூட்டைத் தாங்கும், எண்ணெயைத் தாங்காது, ஊறி இளகிவிடும். பளபள நீல நிறத்தைப் பார்த்து நானும் அதைத்தான் வாங்க இருந்தேன்! அதனால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் சூடான பக்கத்துக்கு, உள்ளே எண்ணெயைத் தாங்கும் ஃப்ளோரோசிலிக்கான் பூச்சு உள்ள நான்கு அடுக்கு ஹோஸ் போட்டேன். விலை அதிகம்தான். குளிர்ந்த பக்கத்துக்குக் கம்பெனி ரப்பர் ஹோஸே போதும்.

அளவு எடுக்கும்போது பழைய ஹோஸை நம்பாதீர்கள், அது உப்பியிருக்கும். குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோலில் பாருங்கள். கிளாம்ப், குழாய் விளிம்பின் மேட்டுக்கு உள்பக்கமாக உட்கார வேண்டும். பல் வைத்த சாதா கிளாம்ப் சிலிக்கானை அறுத்துவிடும் என்பதால் சுற்றிலும் சீராக இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப் போட்டேன். நான்கு நாள் ஓடியபின் ஒருமுறை மறுபடி முறுக்கினேன்.

நேற்று ராத்திரி அதே ஏற்றம், வண்டி மேல் ஏற்றிய ஒரு பொலேரோ. புகையே இல்லை. பழைய ஹோஸ் இன்னும் ஷெட்டில்தான் கிடக்கிறது, பார்க்க வேண்டுமென்றால் வாங்க.